கட்டம் கட்டமாக ஜெபராஜ் பெயர்

புரட்டாசி 9, செவ்வாய்

காலையிலேயே வெயில். ஜெபராஜ் நேற்று சாயங்காலம் போய்விட்டான். அருப்புக்கோட்டை ரோட்டில் லோடு லாரி மோதி. உடல் ஜி.எச்.சில், நாளைக்குத்தான் தருவார்களாம்.

எங்கள் அச்சுக் கடையில் பேப்பர், பிரிண்டர், வருகிறவர்களோடு பேச்சு என் வேலை. கம்ப்யூட்டர் வேலை முழுக்க ஜெபராஜ். விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டதும் அவன்தான். "வைரஸே வராதுலே" என்பான்.

அவன் மனைவி கிருபா போனில்: "அண்ணே, போஸ்டர் நம்ம கடையிலயே அடிங்க. அவுக போட்டோ அந்தக் கம்ப்யூட்டர்லதான இருக்கு." அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

சிஸ்டம் போட்டேன். அப்டேட் கேட்டது, கொடுத்துத் தொலைத்தேன். பாதியில் கரண்டு கட். அப்புறம் பாஸ்வேர்டு போட்டால் திரை கறுக்கும், திரும்பவும் பாஸ்வேர்டே கேட்கும்.

புதன்

போனில் தேடி, வெறும் எழுத்துத் திரைக்குப் போகும் வழி பிடித்தேன். திரையில் படம் காட்டுகிற டிஸ்ப்ளே சர்வர் கிளம்பவில்லை என்றது. அப்டேட் அரைகுறை. வழி கேட்க ரெண்டு தரம் கை ஜெபராஜ் நம்பருக்கே போச்சு.

நின்ற அப்டேட்டை முடிக்கச் சொல்லும் கமாண்ட் அடித்தேன். ஓடியது. டெஸ்க்டாப் வந்தது. போட்டோ பத்திரம். சிரிக்கிறான்.

ஆனால் தமிழெல்லாம் கட்டம். 'ஜெபராஜ்' அடித்தால் வரிசையாகக் காலிக் கட்டம்.

கிருபாவின் அண்ணன் வாசலில்: "ஏலே முருகா, நாலு மணிக்கு அடக்கம். டவுனுல அடிச்சுக்கிருவமா?"

"இல்லண்ணே. இங்கதான்."

தமிழ் ஃபாண்டை மறுபடி ஏற்றி, கம்ப்யூட்டர் சேமித்து வைத்திருந்த பழைய ஃபாண்ட் கேஷை அழித்து, மூடித் திறந்தேன். பெயர் வந்தது. "வந்துருச்சு!" என்று கத்திவிட்டேன். கத்தின பிறகுதான் யார் பெயர் என்று உறைத்தது. அதன் கீழ் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று நானே அடித்தேன்.

வியாழன்

அடக்கம் நேற்றே முடிந்தது. போஸ்டர் போய்ச் சேர்ந்தது. கிருபா ஒன்றை மடித்து வைத்துக்கொண்டாளாம். கடை திறக்கவில்லை.

வெள்ளி

கடை. தூசி. நரிக்குடிக்காரர் ஒருத்தர்.

"கம்ப்யூட்டர் தம்பி எங்க?"

சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைக் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்தார். 'நித்திரை'யில் நின்றுவிட்டார். அப்புறம் மெதுவாக,

"மக கல்யாணப் பத்திரிகைக்கு வந்தேன். அந்தத் தம்பிதான் அடிச்சுத் தாரேன்னுச்சு."

"எழுதுனதைக் குடுங்கண்ணே, நானே அடிச்சுத் தாரேன்" என்று கை நீட்டினேன்.