ஜெனரல் போட்டுக்கொண்ட சட்டை

ராத்தா,

அஸர் தொழுதுவிட்டு உங்கள் மகள் அனுப்பிய பொட்டலத்தைப் பிரித்தேன். உலர்ந்த இலந்தை, கற்கண்டு, தேயிலை. வெந்நீர் பட்டதும், ஷார்ஜாவில் எதிர் ஃப்ளாட்டில் நீங்கள் குடியிருந்த நாட்களின் வாசனை சமையலறையில் நின்றது. நீங்கள் மவுத்தாகி, எங்களை விட்டுப் போய் ஒரு ரமலான் கடந்துவிட்டது.

நீங்கள் சீனாவின் கான்சு பக்கத்து முஸ்லிம், நான் உங்களை அக்கா முறையில் ராத்தா என்றழைத்த கீழக்கரைக்காரி. நமக்குப் பொதுவாக இருந்தது கலிமாவும் உடைந்த இந்தியும் கொஞ்சம் அரபியும்தான். விட்டுப்போனதை உங்கள் மகள் பள்ளி இங்கிலீஷில் நிரப்புவாள்.

அந்த வருஷம் கொழுந்தனார் குடும்பமும் நாங்களும் ஒரே ஃப்ளாட்டில் இருந்தோம். அடுப்படிச் சண்டை முற்றி, என் வீட்டுக்காரர் என் பக்கம் நின்றார். கொழுந்தன் மனைவியை ஊருக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. அந்தச் சந்தோஷத்தோடு உங்களிடம் வந்தேன்.

“யல்லா, இப்பவே போ. சமாதானம் பேசு” என்றீர்கள்.

“ஜெயிச்சவ எதுக்குப் போகணும்?”

அப்போதுதான் அந்த ஜெனரலின் கதை வந்தது. சீனத்து மன்னராட்சியின் கடைசிக் காலம். உங்கள் ஊர் முஸ்லிம்கள் கலகம் செய்தார்கள். தலைமை தாங்கிய ஆலிம் அரசுப் படையை விரட்டியடித்தார். ஜெயித்த கையோடு, தம் மகனையே எதிரி முகாமுக்கு அனுப்பி, சரணடைகிறோம் என்றார். அடுத்த படை வந்தால் ஊரே மிஞ்சாதென்று அவருக்குத் தெரியும். ஊர் பிழைத்தது. அந்த மகனுக்கு அரசு படைச் சட்டை மாட்டியது. படிப்படியாக ஏறி ஜெனரலானார். பல வருஷம் கழித்து உங்கள் ஆட்கள் மறுபடி எழுந்தபோது, அடக்க வந்தது அவர் படைதான். உங்கள் பாட்டனாரின் தகப்பனார் அதில் செத்தார். பிறகு மன்னராட்சி கவிழ்ந்தது, ஜெனரல் கவிழவில்லை. புது அரசிலும் பதவியோடு இருந்தார்.

“அப்போ அவர் நல்லவரா, கெட்டவரா?” வரவையும் செலவையும் எதிரெதிரே எழுதி மீதி பார்ப்பது என் பழக்கம்.

சிரித்தீர்கள். “உனக்கு எல்லாமே கணக்கு! சமாதானம் ஓகே. யூனிஃபார்ம் மாஃபி, அதைப் போட்டுக்கக் கூடாது. கலாஸ்.”

“எனக்கு யாரு யூனிஃபார்ம் தரப்போறாங்க?”

“பொறு. தருவாங்க.”

போனேன். அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். கணவரின் அண்ணன் மனைவி என்ற முறைக்குக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

“என்ன மச்சி, ஜெயிச்சுட்டு நக்கல் பண்ண வந்தீங்களா?”

“அடுப்புல நாலு பர்னர் இருக்கு. ரெண்டு உனக்கு. பெட்டியைப் பிரி.”

அவள் ஊருக்குப் போகவில்லை. கொஞ்ச நாள் சென்று, கீரை ஆய்ந்தபடி என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். “மச்சி, இனி நாம ஒரே கட்சி. மாமி ஃபோன் பண்ணும்போது நீங்களும் ரெண்டு வார்த்தை சூடா கேட்டுடுங்க.”

மாமியாருக்கு எதிராக என்னைத் தன் படையில் சேர்க்கிறாள், நீங்கள் சொன்ன சட்டை வந்துவிட்டதென்று புரிந்தது. “உலை கொதிக்குது” என்று எழுந்துவிட்டேன்.

கட்சிப் பேச்சு வந்தால் இன்றும் அப்படித்தான் எழுந்துகொள்கிறேன். ஜெனரலின் கணக்கை மட்டும் என்னால் முடிக்க முடியவில்லை. ஊர் பிழைத்தது ஒரு பக்கம், உங்கள் பாட்டனாரின் தகப்பனார் மறுபக்கம். மீதி அல்லாஹ்விடம்.

கொழுந்தன் மனைவி வரும் சத்தம் கேட்கிறது, ராத்தா. உங்கள் தேநீருக்கு இரண்டு கிண்ணம் எடுத்து வைத்திருக்கிறேன்.