பட்டியலில் இல்லாத பெயரும் நிறுத்தப்பட்ட சனிக்கிழமை வகுப்பும்

அனுப்புநர்:
கு. தண்டாயுதபாணி,
கைத்தறி நெசவாளர்,
சின்னாளப்பட்டி.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
கல்லூரி ஆட்சிக் குழு,
திண்டுக்கல்.

பொருள்: நூலகர் திரு. கிறிஸ்துராஜ் அவர்களை வேலையிலிருந்து விலக்கும் உத்தரவை ரத்து செய்யவும், அவருடைய சனிக்கிழமை வகுப்பை மீண்டும் நடத்தவும் கோருதல்.

பார்வை: 13-1-1964 தேதியிட்ட என் புகார் மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி நூலகர்மீது புகார் கொடுத்தவன் நானே. அந்தப் புகாரின்மேல் இன்று புகார் சொல்ல வந்திருப்பவனும் நானே. சிரிக்காமல் படிக்கக் கோருகிறேன்.

2. என் மகள் சண்முகவள்ளி தங்கள் கல்லூரியில் பி.ஏ. இரண்டாமாண்டு படிக்கிறாள். அவளுக்கு மதுரையிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை, தன் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று அச்சடித்த அட்டையைக் கொடுத்து, 1958-ல் தேறியதாகச் சொன்னார். நாங்கள் நெசவாளர்கள், சேலையை முந்தி வரை விரித்துப் பார்க்காமல் கைமாற்ற மாட்டோம். ஆனால் அச்சடித்த அட்டை என்றதும் நான் மறுபேச்சில்லாமல் தாம்பூலம் மாற்ற நாள் குறித்துவிட்டேன்.

3. என் மகள் நூலகத்தில் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் பட்டியலை எடுத்துப் பார்த்திருக்கிறாள். அந்த வருஷத்தில் பெயர் இல்லை. முன்னும் பின்னும் இரண்டிரண்டு வருஷம் தேடியும் இல்லை. "அப்பா, அச்சடிச்சுட்டா அம்புட்டும் நெசமாயிருமா?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. சனிக்கிழமை வகுப்பில் பெண்பிள்ளைகளுக்கு நூலகர் வேவு பார்க்கக் கற்றுக் கொடுக்கிறார் என்று அன்றே தங்களுக்கு எழுதினேன். வகுப்பு நின்றது. இம்மாதக் கடைசியோடு அவர் விலக வேண்டும் என்று உத்தரவும் ஆகிவிட்டது.

4. அன்று எனக்குத் தெரியாமல் போனதை இப்போது எழுதுகிறேன். பெயர் இல்லை என்று என் மகள் சொன்னபோது, நூலகர் மாப்பிள்ளையைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை. "பட்டியல்லயும் பிழை இருக்கும்மா. அவரு படிச்ச கல்லூரிக்கே ஒரு கார்டு போட்டுக் கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணு" என்றிருக்கிறார். அவள் போட்ட கார்டுக்குப் போன வாரம் பதில் வந்தது. மாப்பிள்ளை ஒரே வருஷம் படித்துவிட்டு நின்றவராம். அந்தப் பதில் கார்டை இத்துடன் இணைத்துள்ளேன்.

முகம் அறியாத ஒருவருடைய மானத்துக்கும் இவ்வளவு நிதானம் காட்டிய மனிதரை நான் கண்டதில்லை. எழுதியவர் யார், எந்த வருஷம் எழுதியது, அதையே இன்னொருவர் எப்படிச் சொல்கிறார் என்று பார்க்க வைப்பதுதான் அவருடைய வகுப்பாம். என் மகளின் வாழ்வை அவர் காப்பாற்றினார். அவருடைய பிழைப்பை நான் கெடுத்தேன். தறியில் உட்கார்ந்தால் கை ஓடவில்லை ஐயா.

5. ஒன்று பணிவுடன் சொல்கிறேன். அட்டையை நான் நம்பியது போலவே, அவரை அழைத்து ஒரு வார்த்தை கேட்காமல் என் மனுவைத் தாங்களும் நம்பிவிட்டீர்கள்.

இந்த மனுவையாவது என் சொல்லை மட்டும் வைத்து ஏற்க வேண்டாம். மேற்படி பட்டியல் நூலகத்தில்தான் இருக்கிறது. தாங்களே நேரில் வந்து பார்க்க வேண்டும். அன்றைக்கு அதை எடுத்துக் கொடுக்க, கிறிஸ்துராஜ் அவர்கள் அங்கே இருக்க வேண்டும்.

சின்னாளப்பட்டி,
9-3-1964.

செய்த பிழையைத் தாங்கள் திருத்தித் தரக் காத்திருக்கும்,
கு. தண்டாயுதபாணி