லாரிக்காரர் கொடுத்த மூன்று பாட்டன்கள்

ஓஷ்,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் பெகாயிமுக்கு,

நான் சுகம், கடை சுகம், முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அஸ்தானா குளிரில் நீ தொப்பி இல்லாமல் நிற்கும் படத்தைப் பத்தாயிரம் பேர் ரசித்திருக்கிறார்கள், காதை மூடு என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. இதைப் போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம், நீ ஸ்பீக்கரில் போடுவாய், ஆபீசே கேட்கும்.

உன் 'ஏழு பாட்டன்' ஆப் நாடெங்கும் சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறது, பெருமைதான். ஆனால் திரைச்சீலை வாங்க வருகிறவளெல்லாம் போனை நீட்டி, "அக்கா, நாம ஆறாவது பாட்டன்ல ஒண்ணு, விலையைப் பார்த்துப் போடுங்க" என்கிறாள். அது போகட்டும். நேற்று, நீ கட்டிக்கொள்ளப்போகும் மிர்லானின் சித்தப்பா ஜூமாகுல் வந்தார். தேநீர் கூடத் தொடவில்லை. "சம்பந்தின்னு கூப்பிட வந்தேன், தங்கச்சின்னு கூப்பிட்டுட்டுப் போறேன். நான் சொல்லலை, உங்க பொண்ணோட ஆப் சொல்லுது" என்றார். உன் தாத்தாவிலிருந்து எண்ணினால் வரும் ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது பாட்டன்மார் அவர்கள் வரிசையிலும் இருக்கிறார்களாம். ஏழு தலைமுறைக்குள் கல்யாணம் கிடையாது என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அதை வைத்துத்தானே நீ கம்பெனியே நடத்துகிறாய்.

இனி உண்மை. உன் அப்பா என்னைப் பெண் கேட்டு நாரினிலிருந்து லாரியில் ஏறி வந்தார். அவருடைய தகப்பனில் தொடங்கி ஏழு தலைமுறைப் பெயரையும் என் தகப்பனார் கேட்பாரே என்பது பாதி வழியில்தான் உறைத்திருக்கிறது. இவருக்குத் தெரிந்தது நான்கு. லாரி ஓட்டிய ஒரோஸ்பாய், "தம்பி, எங்க வரிசையில மூணு பேர் சும்மாதான் இருக்காங்க, எடுத்துக்கோ" என்றாராம். இவர் தடுமாறாமல் ஒப்பித்தார், என் தகப்பனார் மெச்சி, விருந்தில் வெந்த ஆட்டுத்தலையின் காதை அறுத்து மரியாதையாகக் கொடுத்தார். அந்த ஒரோஸ்பாய்தான் மிர்லானின் தாத்தா என்று, ஜூமாகுல் காட்டிய வரிசையைப் பார்த்து நேற்றுதான் புரிந்தது. அப்பா உனக்கு ஏழையும் சொல்லிக்கொடுத்தபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அது என் தப்பு.

இதை ஊருக்குச் சொன்னால் கல்யாணம் நடக்கும், ஆனால் உன் விளம்பரத்தில் 'சரிபார்த்தது' என்று பச்சைக் குறியோடு தொங்குவது உன் வரிசைதான். சொல்லாவிட்டால் கம்பெனி மானம் தப்பும், மிர்லான் போய்விடுவான். ஆரம்பத்தில் கிழிந்த சீலையை அடியில் மடித்து வைத்து விற்றவள்தான் நானும். வாங்கியவள் மறுநாள் பாதிச் சந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து கிழிசலை மேலே விரித்துக் காட்டித்தான் விற்கிறேன், விற்கவும் விற்கிறது.

இன்னொன்று. இன்று காலை என் பிறந்த வீட்டு வரிசையை உன் ஆப்பில் ஏற்றிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது ஆறு, ஏழும் நிரம்பாமல் உள்ளே விட மாட்டேன் என்றது. சந்தைக் காவல்காரன் பெயரைப் போட்டேன், பச்சைக் குறி வந்துவிட்டது. இத்தனை படித்துவிட்டு, 'தெரியாது' என்று எழுத ஓர் இடம் வைக்கவில்லையே மகளே. அதை வை. அதில் முதலில் நீ எழுது, மூன்று முறை, ஊர் பார்க்க.

நீ நிமிர்ந்து நின்று நன்றாக வாழ வேண்டும். செவ்வாய்க்கிழமை வரை ஜூமாகுலிடம் நேரம் கேட்டிருக்கிறேன், மறக்காதே. கல்யாணச் சமையல்காரரை நான் நிறுத்தவில்லை.

உன் அம்மா,
புருல்சா