உப்புத் தண்ணீரும் புதினாவும்

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

ஹேமா எழுதுகிறேன். நானும் நம் பொண்ணு வெண்மதியும் சௌக்கியம். புதினாவுக்குத்தான் நடுவில் உடம்பு சரியில்லாமல் போய், இப்போது தேறி வருகிறது. தினமும் போனில் பார்க்கிறவளுக்கு லெட்டர் எதற்கு என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. உங்களுக்குப் பிடிக்காத பேச்சை எடுத்தால் மட்டும் அந்த எத்தியோப்பியா லைன் எப்படித்தான் அறுந்து போகிறதோ! அதனால்தான் உங்களோடு வேலை செய்கிற அன்பரசன் அண்ணன் லீவு முடிந்து திரும்பும்போது அவர் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். முழுசாகப் படியுங்கள்.

முதலில் புதினா கதை. தோல் பதனிடுகிற டேனரித் தண்ணீர் இறங்கின மண், இனிமேல் அதில் புல்கூட முளைக்காது என்று நம் நிலத்தைப் பற்றி நீங்களே சொன்னீர்கள். சரி, மண்ணே வேண்டாம் என்றுதான் பைப்பில் நட்டேன். நாலு இஞ்ச் பைப்பில் ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு கப், கப்புக்கு ஒரு செடி. தொட்டியில் கலக்கி வைத்த உரத் தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றும். அது சரிவில் வேரை நனைத்துக்கொண்டே ஓடி, மறுபடி தொட்டிக்கே வந்து சேரும். செடி குடிக்கிறது மட்டும்தான் செலவு.

நட்ட புதிதில் தளதளவென்று வந்தது. அப்புறம் இலை வெளுத்து, ஓரமெல்லாம் கருகியது. உரமும் தண்ணீரில் கரைந்தால் உப்புதானே, அதை அளக்க உப்பு பார்க்கிற மீட்டரை விட்டுப் பார்த்தால், புத்தகத்தில் போட்ட அளவை அப்படியே காட்டுகிறது. சாப்பாடு சரியாகத்தானே போகிறது, இதுக்கு இன்னா கேடு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஹலீமா பீ அக்கா, யாரோ கண்ணு வெச்சிட்டாங்க என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். மிளகாய் நெடியில் நான் இருமியதுதான் மிச்சம்.

ஒருநாள் தொட்டியைக் கழுவிவிட்டு வெறும் போர் தண்ணீர் பிடித்து வைத்திருந்தேன். துளி உரம் போடவில்லை. மீட்டரை அலசலாம் என்று அதில் விட்டேன். அய்யய்யோ, புத்தகத்து அளவில் முக்கால்வாசியை அப்போதே காட்டுகிறது! மீட்டர் உப்பு எவ்வளவு என்றுதான் சொல்லும். எது உரம், எது டேனரி உப்பு என்று அதற்குத் தெரியாது. நான் அளவு வந்துவிட்டது என்று கொஞ்சூண்டு உரத்தோடு நிறுத்திக்கொண்டே வந்திருக்கிறேன். பாவம், பட்டினி போட்டிருக்கிறேன். நல்ல தண்ணீர் ஊர்க்காரி இந்தத் தப்பைச் செய்திருக்கவே மாட்டாள். நமக்குத்தான் உப்பு நாக்கிலேயே பழகிப்போச்சே.

எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். அக்கா வீட்டு ஷீட்டுக் கூரையில் விழுகிற மழையை நம் தொட்டிக்கு இழுத்தேன். மழைத் தண்ணீரில் மீட்டர் அசைவதே இல்லை, அதனால் இப்போது காட்டுவதெல்லாம் உரம்தான். பைப்பையும் மாற்றிவிட்டேன். முன்பு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று சேர்த்து வளைத்து விட்டிருந்தேன். முதல் செடிகள் தின்றது போக கடைசிச் செடிக்குச் சூடேறின வெறும் தண்ணீர்தான் போய்ச் சேர்ந்தது. இப்போது ஒவ்வொரு பைப்புக்கும் தனி வால்வு. எல்லாச் செடிக்கும் ஒரே பந்தி.

அக்காவின் மருமகன் பிரியாணிக் கடையில் இப்போது நம் புதினாதான். மண் இல்லை, கழுவுகிற வேலை கம்மி, இன்னும் ஜாஸ்தி கொண்டா என்கிறார். கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் கேட்பதில் பாதிகூட என்னால் கொடுக்க முடியவில்லை. மழை நின்றால் தொட்டி எவ்வளவு நாள் தாங்குமோ, அதுவும் தெரியாது.

இனிமேல்தான் நீங்கள் லைனை அறுக்கிற பேச்சு. கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், புதினா குடும்பத்தைத் தாங்கினால் வந்துவிடுகிறேன் என்றீர்கள். தாங்கும் என்று ஒரு பொய் சொல்லி உங்களை வரவழைத்துவிடலாமா என்று வாய்வரை வந்தது. மனசு வரவில்லை மாமா. உள்ளதைச் சொல்கிறேன். இப்போதைக்கு அது பாதிக் குடும்பத்தைத்தான் தாங்கும்.

ஆனால் நீங்கள் என்னிடம் உள்ளதைச் சொன்னீர்களா? ஷூவுக்குப் பசை ஒட்டுகிற இடத்தில் மூச்சுத் திணறி விழுந்தீர்களாமே? ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே, ஷிப்டு மாத்திட்டாங்க, போன் பண்ண முடியாது என்று மெசேஜ் போட்டீர்களாமே? அன்பரசன் அண்ணனைத் திட்டாதீர்கள். பேச்சுவாக்கில் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது, அப்புறம் நான் விடவில்லை. கேட்டதும் உங்கள் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. அது ஆறினதும் பயம் பிடித்தது. நானும் இங்கே ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தவள்தானே, அந்தப் பசை நெஞ்சை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? நீங்கள் தூங்கும்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று நினைத்து நினைத்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

கையெழுத்துப் போடாதீர்கள். பாதி தாங்கினால் போதும், வந்துவிடுங்கள். மீதிக்கு நான் திரும்பவும் தையல் லைனுக்குப் போகிறேன். நீங்கள் வீட்டில் இருந்து வால்வு திருப்புங்கள், வெண்மதியைப் பள்ளிக்கூடத்தில் விடுங்கள், உடம்பு தேறினதும் நம் கூரைக்கும் ஒரு மழைக் குழாய் போடுங்கள். ஆம்பளை வீட்டில், பொம்பளை வேலைக்கா என்று நாலு பேர் பேசுவார்கள். பேசட்டும், எனக்கு ஒரு பேஜாரும் இல்லை.

கெங்கையம்மன் உங்கள் நெஞ்சைக் காப்பாற்றட்டும். இதெல்லாம் சரிப்பட்டு வராதுடி என்று சொல்லத் தோன்றினால் தாராளமாகச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அதை இங்கே வந்து, என் எதிரில் உட்கார்ந்து சொல்லுங்கள்.

உங்கள்
ஹேமலதா