பொன்னாடைக்கு மாற்றாக மரவுரி

கார்த்திகை மாதம், ஞாயிறு இரவு. செண்பகனூர்.

ஹவாய்த் தீவுகளில் வழக்கொழிந்த, நெய்யாமல் மரப்பட்டையை அடித்தே துணியாக்கும் மரவுரிக் கலையை மீட்டெடுத்தோருள் ஒருவரான அம்மையாருக்கு இன்று மாலை பாராட்டு விழா. கடைப் பொன்னாடை வேண்டாம், முசுக்கட்டை மரத்தின் பட்டையை ஊறவைத்து நானே அடித்து உருவாக்கிய மரவுரியைத்தான் போர்த்துவேன் என்று மேடைதோறும் முழங்கியிருந்தேன். போர்த்தவும் எழுந்தேன். பொன்னாடை போர்த்திப் பழகிய கை, படம் எடுப்பவருக்காக வழக்கம்போல் ஓங்கி உதறிவிட்டது. மூடுபனியில் ஈரமேறியிருந்த மரவுரி நடுவே இரண்டாகக் கிழிந்தது.

"ஏலே, ஐயா பேசுனாக் காது கிழியும், தொட்டாத் துணியுமில்ல கிழியுது!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். அரங்கமே சிரித்தது. விழாக்குழுத் தலைவர் சரிகைப் பொன்னாடையோடு ஓடி வந்தார்.

"வெரசா இதப் போத்தி விடுங்கய்யா. மானம் போகுதுங்க."

"யாருடைய மானம்?" என்று ஒலிவாங்கியிலேயே கேட்டேன். கிழிந்த பாதியையே அம்மையாரின் தோளில் இட்டேன். அடித்த தடங்களை அவர் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு நீட்டப்பட்ட பொன்னாடையை வாங்கி நாற்காலியில் வைத்துவிட்டு, மரவுரியோடே நின்றார்.

மரவுரி தோற்றதென்று நாளை ஊர் பேசும். பேசட்டும். உதறியது என் கை. அதற்குப் பழி மரவுரிக்கு ஏன்? மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது. அதை நனைத்து, புதுப்பட்டையை விளிம்போடு வைத்து அடித்தே இணைப்பேன். அடுத்த கூட்டத்தில் அதைப் போர்த்திக்கொண்டுதான் பேசுவேன். சிரிக்க விரும்புவோர் முன்வரிசையிலேயே வந்து அமரட்டும்.