நாற்பது சதவீதம்

மார்ச் 4, திங்கள்

ரெஸ்யூமே பதினோராவது தடவை. இன்னும் ஒன்றேகால் பக்கம். ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது என்று கல்லூரி வேலைவாய்ப்பு அறை மேடம் கறாராகச் சொல்லிவிட்டார். எழுத்தைச் சின்னதாக்கினால் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது. பெரிதாக்கினால் கடைசி நான்கு வரி அடுத்த பக்கத்தில் போய் அநாதையாக நிற்கிறது.

மேடம் கொடுத்த மாதிரியில் முதல் வரி: "சவாலான சூழலில் என் திறமைகளை முழுமையாகப் பயன்படுத்தி, நிறுவனத்தின் வளர்ச்சியோடு நானும் வளர விரும்புகிறேன்." வகுப்பில் முப்பத்தாறு பேர். முப்பத்தாறு பேருக்கும் இதே விருப்பம். அழித்துவிட்டேன். அப்படியும் ஒன்றேகால்தான்.

மார்ச் 5, செவ்வாய்

"பொண்ணு இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுக்குப் படிக்கிறா" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். மூன்று வருடமாக விளக்குகிறேன். ஆக்சுவரி, அம்மா. எத்தனை பேருக்கு எந்த வயதில் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு, கம்பெனி எவ்வளவு வசூலித்தால் தாங்கும் என்று சொல்கிற வேலை.

"அதைத்தான்டி நானும் சொன்னேன்."

அப்பா வேறு மாதிரி. "பதிமூணு பேப்பர்ல ரெண்டு பாஸ், ஒண்ணு ஃபெயில். இந்த வேகத்துல போனா நீ முடிக்கிறதுக்குள்ள எனக்கு எழுபது வயசு." கணக்குப் போட்டுப் பார்த்தேன். தப்பே இல்லை. அதுதான் எரிச்சல்.

அவர் தீர்ப்பு: இந்தத் தடவை பயிற்சி வேலைக்கு யாராவது எடுத்தால் சரி. இல்லையென்றால் பரீட்சைக்கெல்லாம் முழுக்கு, சித்தப்பாவின் லாரி ஆபீசில் போய் உட்கார வேண்டும். இந்த ஊரில் எங்களைப் போன்றவர்களை எடுப்பது ஒரே ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி. வருடத்துக்கு இரண்டு பேர். கடைசித் தேதி 15.

மார்ச் 7, வியாழன்

'ஏழு பேப்பர்' அக்காவுக்குப் போன் செய்தேன். எனக்கு மூன்று வருடம் சீனியர், ஏழு பேப்பர் பாஸ் செய்ததால் கல்லூரியில் அதுவே பெயர். "பாஸ் பண்ண பேப்பரை மேல போடு. அடுத்தது எப்ப எழுதறேன்னு போடு. ஃபெயிலானதை யாரும் கேக்கல, நீயும் பாடாதே. அப்புறம் நீயே உருப்படியா செஞ்ச வேலை ஏதாவது ஒண்ணு. வை, எனக்கு மீட்டிங்."

நானே செய்த வேலை? யோசித்தால் ஒன்றுதான். வாரத்தில் நான்கு மாலை பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காருகிறேன். நேரம் குறித்துவிட்டு வராமலே போகிறவர்கள் டாக்டரின் தீராத தலைவலி. யார் வரமாட்டார்கள் என்று முன்கூட்டியே கணிக்க ஒரு எக்செல் ஷீட் போட்டேன். எத்தனை நாள் முன்பே குறித்தார், இதற்குமுன் டிமிக்கி கொடுத்தாரா, வலியோடு வருகிறாரா சும்மா சுத்தம் செய்யவா. சந்தேகத்துக்குரியவர்களுக்கு முந்தின நாளே போன் செய்வேன். மூன்று மாதமாக நடக்கிறது. டாக்டர் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்படுகிறார்.

மார்ச் 10, ஞாயிறு

என் சொந்த அக்காவும் அத்தானும் வந்தார்கள். அத்தான் டைல்ஸ் கம்பெனியில் விற்பனை மேலாளர். கேட்காமலே என் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்னம்மா இது, 'கணிக்க ஒரு ஷீட் தயாரித்தேன்'. அப்படியா, சந்தோஷம்னு போயிடுவான். ஒவ்வொரு வரியிலயும் ஒரு நம்பர் இருக்கணும். எத்தனை சதவீதம் குறைஞ்சுது?"

"எண்ணிப் பாக்கல அத்தான்."

"குறைஞ்சுதா இல்லையா?"

"குறைஞ்சிருக்கும்."

"அப்ப நாற்பதுன்னு போடு. முப்பது சப்புன்னு இருக்கு, ஐம்பதுன்னா நம்ப மாட்டான்."

'வராதவர்களின் எண்ணிக்கையை 40 சதவீதம் குறைத்தேன்.' பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதைவிடக் கொடுமை, வரி சுருங்கியதில் எல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது.

மார்ச் 14, வியாழன்

அனுப்பிவிட்டேன். நாற்பதோடு.

மார்ச் 23, சனி

கூப்பிட்டுவிட்டார்கள்! ஏப்ரல் 3, காலை பத்தரை. அம்மா உடனே பக்கத்து வீட்டுக்குப் போனாள். அப்பா கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "ம்" என்றார். அப்பாவிடமிருந்து அது பெரிய விஷயம்.

கடிதத்தின் கடைசி வரி: "பல் மருத்துவமனையில் தாங்கள் செய்த பணி குறித்து விரிவாகப் பேச விரும்புகிறோம்."

செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் பதிவு நோட்டை எடுத்துப் பார்க்க வேண்டும்.

மார்ச் 26, செவ்வாய்

கிளினிக்கின் பதிவு நோட்டு இரண்டையும் எடுத்து உட்கார்ந்தேன். ஷீட்டுக்கு முந்தைய மூன்று மாதம்: 412 பேர் குறித்தார்கள், 70 பேர் வரவில்லை. நூற்றுக்குப் பதினேழு. பிந்தைய மூன்று மாதம்: 405 பேர், 57 பேர் வரவில்லை. நூற்றுக்குப் பதினான்கு.

பதினேழு பதினான்கானால் எப்படிப் பார்த்தாலும் நாற்பது வராது. அதில் பாதிகூட வராது. சரி, ஆனாலும் குறைந்திருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. பழைய நோட்டில் 'தள்ளிவைப்பு' என்று யாருமே இல்லை. புதியதில் பன்னிரண்டு பேர். எல்லாம் நர்ஸ் அக்கா கையெழுத்து.

மார்ச் 27, புதன்

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

நர்ஸ் அக்கா கொஞ்சமும் மறைக்கவில்லை. "அவங்க வரலம்மா. வரலைன்னு எழுதினா டாக்டர் மூஞ்சி தொங்கிப் போகுது. நீயும் பாவம், ராப்பகலா உக்காந்து பண்ணியிருக்கே. அதான் அப்பப்ப ஒண்ணு ரெண்டைத் தள்ளிவச்ச மாதிரி எழுதிட்டேன். உனக்காகத்தான்."

எனக்காகவாம்! இந்த உலகத்தில் ஆளாளுக்கு எனக்காக ஒரு நம்பர் போட்டுக் கொடுக்கிறார்கள். அவர் முகத்தைப் பார்த்துக் கத்தவும் முடியவில்லை. டப்பாவிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார், வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

57, பன்னிரண்டு, மொத்தம் 69. 405-க்கு 69. பதினேழு.

அதே பதினேழு. விகிதம் இம்மிகூடக் குறையவில்லை. மூன்று மாதம் தொண்டை வறள வறளப் போன் பண்ணேனே, அது எதுக்கு? எல்லாரும் "கண்டிப்பா வரேன்மா"ன்னு சொன்னாங்களே!

மார்ச் 28, வியாழன்

தூக்கம் வராததால் இன்னொரு முறை எண்ணினேன். வரமாட்டார்கள் என்று என் ஷீட் 60 பேரைக் குறித்திருந்தது. அதில் 41 பேர் உண்மையிலேயே வரவில்லை. அப்படியென்றால் கணிப்பு சரிதான். போன்தான் வேலைக்கு ஆகவில்லை. வராதவர் போன் செய்தாலும் வரமாட்டார். இது டாக்டருக்கு உதவும். அந்த நேரத்துக்கு இன்னொருவரையும் குறித்து வைக்கலாம். இதை நான் மூன்று மாதம் முன்பே எண்ணியிருக்க வேண்டாமா? எண்ணுவதுதானே என் படிப்பு!

அத்தானிடம் போனில் சொன்னேன், திருத்திய ரெஸ்யூமே அனுப்பப் போகிறேன் என்று.

"உனக்குப் பைத்தியமா? சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்காதே. யாரும்மா பல் டாக்டர் நோட்டை வந்து பாக்கப் போறான்?"

"நான் பாத்துட்டேனே அத்தான்."

"பெரிய அரிச்சந்திரன் பேத்தி." போனை வைத்துவிட்டார். அக்கா வாங்கி, "அவர் உன் நல்லதுக்குத்தான்டி சொல்றார்" என்றாள். தெரியும். எனக்கு நல்லது நினைப்பவர்களிடமிருந்து தப்பிப்பதே பெரும் பாடாக இருக்கிறது. ஆனால் நாற்பது என்று டைப் அடித்தது என் விரல்தான். அதை யார் தலையில் கட்டுவது?

ஏப்ரல் 1, திங்கள்

அனுப்பிவிட்டேன். புது வரி: "வராதவர்களைக் கணிக்க ஒரு ஷீட் தயாரித்தேன். குறித்த 60 பேரில் 41 பேர் வரவில்லை. முன்கூட்டியே போன் செய்தும் வராதவர் விகிதம் குறையவில்லை." கூடவே, முன்பு அனுப்பியதில் இருந்த எண் எண்ணிப் பார்க்காமல் எழுதியது, மன்னிக்கவும் என்று இரண்டு வரிக் கடிதம்.

மறுபடி ஒரு பக்கம், ஐந்து வரி. கடைசியில் 'பொழுதுபோக்கு: புத்தகம் வாசித்தல், இசை கேட்டல்' முதலான சரக்கையெல்லாம் தூக்கிக் கடாசினேன். அடங்கியது.

அப்பாவிடம் சொன்னேன். செய்தித்தாளை மடித்து வைத்தார். பிறகு, "சித்தப்பா வர்ற மாசம் ஆள் வேணும்னு சொன்னான்" என்றார்.

ஏப்ரல் 3, புதன்

இரண்டு பேர். ஒரு பெண்மணி, கண்ணாடி போட்ட ஒரு சார். மேசைமேல் என் ரெஸ்யூமே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்.

பெண்மணி: "எதைப் பாத்து உங்களைக் கூப்பிட்டோம்?"

"முதல்ல அனுப்பினதை, மேடம்."

"ரெண்டாவது மட்டும் வந்திருந்தா கூப்பிட்டிருப்போமா?"

"தெரியல மேடம்."

"எனக்கும் தெரியல." சிரிக்கவில்லை. "நாற்பதுன்னு எழுதினது தப்பு. தெரியுமில்ல?"

"தெரியும்."

வராத பன்னிரண்டு பேர் தள்ளிவைப்பு என்று நோட்டில் ஏறிய கதையையும் சொன்னேன். கண்ணாடி சார் கடைசிவரை ஒன்றே ஒன்று கேட்டார். பன்னிரண்டு பேர் விஷயம் எப்படிக் கண்ணில் பட்டது? பழைய நோட்டில் யாருமே நேரத்தைத் தள்ளிவைக்கவில்லை, திடீரென்று எல்லோரும் ஒழுங்காகிவிட்டார்களா என்று தோன்றியது என்றேன். ஏதோ எழுதிக்கொண்டார். என்னவென்று தலைகீழாகப் படிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

ஏப்ரல் 12, வெள்ளி

ஒரு தகவலும் இல்லை. சித்தப்பா வந்து போனார். என் மேசை ஜன்னல் ஓரமாம்.

ஏப்ரல் 19, வெள்ளி

அத்தான் போன். "நான் அப்பவே சொன்னேன்."

ஜூன் 3, திங்கள்

இன்சூரன்ஸ் கம்பெனியில் பயிற்சி வேலை, முதல் நாள். இறந்துபோன பாலிசிதாரர்கள் ஒன்பதாயிரம் பேரின் பட்டியலைக் கொடுத்து, சும்மா பார்த்து வை என்றார் கண்ணாடி சார். கேன்டீன் எங்கே என்றுகூட யாரும் சொல்லவில்லை. மதியத்துக்குள் கண்ணெல்லாம் எரிச்சல். ஒரு கிளையில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல். அத்தனை பேரும் ஒன்றாம் தேதியில்தான் இறந்திருக்கிறார்கள். மாதம் வேறு, வருடம் வேறு, தேதி மட்டும் ஒன்று.

அந்தக் கிளைக்குப் போன் செய்தேன். "தேதி தெரியலைன்னா ஒண்ணுன்னு போட்டுடுவோம்மா. கட்டத்தைக் காலியா விடக் கூடாதில்ல? எப்பவும் அப்படித்தான்" என்றார் எடுத்தவர், வெகு அன்பாக.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அறுநூறு பேரின் கோப்புகளையும் அனுப்பச் சொல்லிவிட்டேன். நாளை எட்டு மணிக்கே போக வேண்டும்.