பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது

ஊருக்கெல்லாம் புலவரான பிறகும் எனக்குச் சவரியாகவே இருந்த என் ஆசைத் தம்பிக்கு,

இன்று கல்லறைத் திருநாள். விஷக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. காலையில் பூசை முடிந்ததும் உன் குழிமேட்டில் மெழுகுவத்தி ஏற்றினேன். காற்று விடவில்லை. பக்கத்தில் அம்மா இருந்ததால் உன்னிடம் பேச வேண்டியதைப் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன், நாலு பேர் படித்தால் படிக்கட்டும்.

முதலில் நல்ல சேதி. நீ ஆசைப்பட்டதெல்லாம் நடக்கிறதடா. அரியலூர் டவுனில் இப்போது நமஸ்காரம் சொல்வாரைக் காணோம், எல்லாரும் வணக்கம்தான். கச்சேரியில் தமிழ்ப் பாட்டுப் பாடச் சொல்லி மேடைக்குச் சீட்டு அனுப்புகிறார்கள். தமிழ் வாத்தியார் என்றால் இளக்காரமாய்ப் பார்த்த காலம் போய், எழுந்து நின்று கும்பிடுகிறார்கள். பழைய ஏடுகளில் கிடந்ததை எடுத்துப் பேசப் பேச ஜனங்களுக்கு முதுகு நிமிர்ந்திருக்கிறது. அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்ற குடும்பத்துப் பிள்ளை நீ, தமிழ் மன்றத்து மேடையில் நின்று பேசினாய். அது சின்ன விஷயம் இல்லை.

பிறகு என்ன கோபம் என்கிறாயா?

போன மாதம் மன்றத்துக் காரியதரிசி ஆள் அனுப்பினார். மண்டபத்தில் உன் படத்தைத் திறக்கப் போகிறார்களாம், போட்டோ வேண்டுமாம். நம்மிடம் இருப்பது ஒன்றே ஒன்று, நீ புலவர் பரீட்சையில் தேறியபோது ஸ்டுடியோவில் எடுத்தது. அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு போனேன். அன்றைக்கு அங்கே கூட்டம். என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். “தமிழுக்கு ஏது சாதி என்று புலவர் கேட்ட குரல் இன்னும் என் காதில் ஒலிக்கிறது” என்று ஒருவர் பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் அழுதுகொண்டே தட்டினேன்.

மத்தியானம் கூட்டம் முடிந்தது. பின்கட்டில் இலை போடுகிற சத்தம் கேட்டது, சாம்பார் வாசனை வந்தது. எல்லாரும் எழுந்து அந்தப் பக்கம் போனார்கள். காரியதரிசி மட்டும் என்னிடம் வந்தார், கையில் வாழையிலைப் பொட்டலம்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சுங்களே. வூட்ல போயி நிம்மதியா சாப்பிடுங்க. புலவருக்கும் இப்படித்தான் கட்டிக் குடுப்போம்.”

கை நீட்டி வாங்கிவிட்டேன், சவரி. அந்தப் பொட்டலத்தை நீ எத்தனை தடவை கொண்டுவந்திருப்பாய்? “அவங்களே கட்டிக் குடுத்துட்டாங்கம்மா” என்று சிரிப்பாய். நீ சாப்பிட்டியா என்று அம்மா கேட்டால், “அங்கயே ஆச்சும்மா” என்பாய். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த உலகச் சண்டைக் காலம் அது. பொட்டலத்தில் இருந்த புளியோதரையை நானும் அம்மாவும் பங்கு போட்டுத் தின்றோம். மகனுக்கு நடக்கிற மரியாதையை அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

“ஏலாக்குறிச்சிக்கு நாலு மணிக்குத்தாங்க பஸ்ஸு. நேரமிருக்கு. இருந்து சாப்பிட்டே போறேன்” என்றேன்.

அவர் பின்கட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “அதுக்கில்லம்மா. நாலு பேரு நாலு விதமா இருப்பாங்க. நமக்கெதுக்கு வம்பு?”

பொட்டலத்தை நாற்காலியில் வைத்துவிட்டு, போட்டோவை மறுபடி முந்தானையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

ரயில் ஸ்டேஷன் எதிரில், பஸ் வந்து நிற்கிற வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். பசி வயிற்றைக் கிள்ளியது. அப்போதுதான் உறைத்தது. நீயும் இங்கேதானே உட்கார்ந்திருப்பாய்? தொண்டை வற்றப் பேசிவிட்டு வந்து, மடியில் சோற்றை வைத்துக்கொண்டு, அதைப் பிரிக்காமல், பெட்ரோல் கிடைக்காத அந்த நாளில் அடுப்புக்கரியில் ஓடிய கரி பஸ் வருகிற வரைக்கும்? ஏன்டா சொல்லவில்லை? எங்கள் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்றா? தமிழ் தழைத்தால் இதுவும் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பினாயா?

தானாக ஆகவில்லையடா. ஆயிரம் வருஷத்துத் தமிழைத் தூசி தட்டி எடுக்கத் தெரிந்தவர்களுக்கு, தங்கள் பக்கத்தில் ஒரு இலை போடத் தெரியவில்லை. உன் பேச்சு இனித்தது, நீ சாப்பிடுவதைத்தான் அவர்களால் பார்க்க முடியவில்லை. இப்போது படம் மாட்டலாம், படத்துக்குப் பசிக்காது. நினைக்க நினைக்க எனக்குப் பற்றி எரிகிறது. பள்ளிக்கூடத்தில் நான் பாடம் சொல்லிக்கொடுக்கிற சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம்கூட எரிந்து விழுகிறேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா என் கையைத்தான் பார்த்தாள்.

“பொட்டலம் குடுக்கலியா? தம்பின்னா மறக்காம குடுப்பாங்க.”

மறந்துவிட்டார்கள் என்று சொல்லி வைத்தேன். வேறு என்ன சொல்ல?

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு படத்திறப்பாம். காரியதரிசி மறுபடியும் ஆள் அனுப்பினார். அம்மாவும் நானும் வருகிறோம், முதல் பந்தியில் எங்களுக்கு இரண்டு இலை, நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் போட்டோ என்று சொல்லிவிட்டேன். இன்னும் பதில் இல்லை. போட்டோ என் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது.

பதில் வராவிட்டாலும் போவோம் சவரி. போகிற வழியில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்வேன். அவள் அழுது முடிக்கட்டும். பிறகு அந்தப் பின்கட்டில், எல்லாருக்கும் நடுவில், நானே அவளை இலை முன்னால் உட்கார வைப்பேன். எழுந்து போகிறவர்கள் போகட்டும். அவள் மோர் வரைக்கும் சாப்பிடுவாள். நாலு மணி பஸ்ஸில்தான் திரும்புவோம். இது உன் குழிமேட்டின் மேல் சத்தியம்.

நீ தின்னாத சோற்றைத் தின்ற
உன் அக்கா,
ஆரோக்கியமேரி